குழந்தைவேலுவின் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்த குழந்தைவேலு, ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மத்தியானம் சரியாக மூன்று மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தலையில் எண்ணெய் மினுங்க, கரூரில் எங்கள் கம்பெனியின் மாடிப்படியேறி உள்ளே வந்து, தன்னுடைய நாற்காலியில் தண்ணீர் கேன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இத எவன் இங்க வெச்சது?" என்று கேட்டபோது எங்களுக்கு வந்தது பயமில்லை, கூச்சம்தான். வைத்தவன் நான். என் பெயர் பூபதி. அந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம், தண்ணீர் கேனுக்கு இடம் கண்டுபிடிப்பது உபரி. கேனை இறக்கிக் கீழே வைத்தேன். அவன் உட்கார்ந்தான், நாற்காலி வழக்கம்போல முனகியது, நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அவன் எப்படி வந்தான் என்று ஊரில் இன்றைக்கும் நாலு விதமாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி இருப்பது பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில். கீழே அவர்கள் தகரத்தைத் தட்டித் தட்டி பஸ்ஸுக்கு உடம்பு செய்வார்கள். மேலே நாங்கள் அந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று சொல்கிற மென்பொருளைச் செய்வோம். அதன் நிரல் முழுவதும் ஒரே கிடங்கில் இருக்கிறது, எங்கள் பேச்சில் ரெப்போ. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஒரு வரியை மாற்றலாம். மாற்றியது யார், எப்போது என்று ரெப்போ தானே குறித்துக்கொள்ளும், அந்த வரியும் அந்த நிமிஷத்திலிருந்து மாற்றியவன் பெயருக்குப் போய்விடும். ஏன் மாற்றினான் என்பதை மட்டும் அவனே எழுத வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் பத்து வருஷமாக 'சிறு திருத்தம்' என்று எழுதிக்கொண்டிருந்தோம், அப்படி ஒரு சிறு திருத்தத்தின் புண்ணியத்தில் ஒரு நாள் காலை திருச்சி வண்டிகள் பதினாறும் ஒரே நிமிஷத்தில் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒன்றோடொன்று மூக்கை உரசிக்கொண்டு நின்றன. பஸ் முதலாளிகள் சங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. இனி வாரா வாரம், மனிதர் கை படாமல், ரெப்போவில் மாறின ஒவ்வொரு வரியையும் இயந்திரமே தணிக்கை செய்ய வேண்டும், செய்து முடித்தால்தான் புது அட்டவணை வண்டிகளுக்குப் போகும் என்று கடிதம் போட்டார்கள்.

எங்கள் முதலாளி தெய்வசிகாமணி சார் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். தணிக்கையை அமைக்கிற வேலை ஷாகிராவுக்கு வந்தது. பள்ளப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், எங்களில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான். "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு சார் ஓடணும்?" என்று அவள் கேட்க, சார் தினசரிக் காலண்டரை எட்டிப் பார்த்து, வியாழன் குருவாரம், ராகுகாலம் மூன்று மணிக்கு முடிகிறது, மூன்றுக்கே வைத்துவிடு என்றார். அடுத்ததாக இயந்திரம் ஒன்று கேட்டது: ஒரு வரியை ஒருவர் மாற்றினால், அதை முன்பு எழுதியவர் வந்து காரணம் சொல்ல வேண்டுமா? தேவையில்லை, வந்தால் நல்லது, வந்தே தீர வேண்டும் என்று மூன்று கட்டங்கள். இரண்டாவது போதும் என்றாள் ஷாகிரா. "வந்தே தீரோணும்னு போடும்மா. நம்ம கட்டுப்பாடு சங்கத்துக்குத் தெரியோணுமில்ல" என்றார் சார்.

அவள் போட்டாள். கூடவே ஊழியர் பட்டியலையும் இணைத்தாள். அந்தப் பட்டியலில் குழந்தைவேலு பெயர் அப்படியே இருந்தது. போன ஆடியில் மாரடைப்பு வந்து நாற்பத்தொரு வயதில் அவன் போனபோதே பெயரை எடுக்கத்தான் போனோம், சார்தான் தடுத்தார். வருஷம் திரும்புவதற்குள் பேரை அடிக்கக் கூடாது, வருஷத் திதி கொடுத்த பிற்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆக, இயந்திரத்தைப் பொறுத்தவரை குழந்தைவேலு எங்கள் ஊழியன். அந்த வாரம் நான் அவனுடைய நானூற்றுப் பதினெட்டாம் வரியை மாற்றியிருந்தேன். முன்பு எழுதியவர் வந்தே தீர வேண்டும் என்று இயந்திரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவன் வந்தான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

திரையில் கேள்வி வந்தது. "வரி 418. ஏன் ஏழு?" குழந்தைவேலு, "ஆறு ஒத்து வரல" என்று அடித்தான். "ஏன் ஒத்து வரவில்லை?" என்றது. "சும்மா" என்று அடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, நாற்காலியோடு மறுபடி உட்கார்ந்து, ஒரே ரூட்டில் ஓடும் இரண்டு வண்டிகளின் டிரைவர்களும் மாமன் மச்சான், ஆறு நிமிஷ இடைவெளியில் விட்டால் குளித்தலையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஊர்க்கதை பேசுகிறார்கள், ஏழு என்றால் ஒருவன் வரும்போது ஒருவன் போயிருப்பான் என்று ஒழுங்காக எழுதினான். "ஏற்கப்பட்டது" என்றது இயந்திரம். நாற்காலி விட்டது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். கீழே பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த செங்கோடன், "ஏழாவது படி வரைக்கும் வந்தாருங்க, எட்டாவதுல இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தூரிகையை மறுபடி டப்பாவில் முக்கினான்.

சில வாரங்களில் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. டீக்கடையில் வியாழக்கிழமை மூன்று மணி டீயில் ஒன்று கூட்டிப் போட்டார்கள். விரல் ரேகை இயந்திரம் அவன் விரலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பதினோரு மாதம் வராததை என்ன விடுப்பாகக் காட்டுவது என்று சார் இரண்டு நாள் யோசித்து, 'முன்னறிவிப்பில்லாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவனோடு பேசினால் தீட்டா, குளிக்க வேண்டுமா என்று சிலர் கிளப்ப, வாங்கல் ரோட்டு ஜோசியரைக் கேட்டதில், காரியமாக வந்தால்தான் தீட்டு, ஆபீஸ் வேலையாக வந்தால் தீட்டில்லை என்று தீர்ப்பாயிற்று. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்கள் பழைய நேரத் தகராறுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துவந்து வரிசையில் நின்றார்கள். பட்டறைக்காரர்கள், வெல்டிங் போட்டால் மேலே கரண்டு போய்விடும், மனுஷன் வந்து பாதியில் நிற்கக் கூடாது என்று, வியாழன் மூன்றிலிருந்து மூன்றரை வரை வெல்டிங்கை நிறுத்திவைத்தார்கள். வருஷத் திதி நெருங்கியபோது அதே ஜோசியரிடம் போனோம். வாரா வாரம் வேலைக்கு வருகிறவருக்குத் திதி கொடுப்பது முறையில்லை, தள்ளிவையுங்கள் என்றார். திதி தள்ளிப்போனதால் பெயரும் பட்டியலில் தங்கியது.

அவன் மனைவி கோகிலவாணிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். வெங்கமேட்டில் வீடு, பெட்ஷீட், தலையணை உறை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. ஆயிரம் மீட்டர் துணியில் ஒரு நூல் இழுபட்டிருந்தால் அவள் கண் அங்கே போய் நிற்கும். நான் சொன்னதைக் கேட்டு அழவில்லை, மயங்கவில்லை. "என்ன சட்டைங்க போட்டிருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். ஊதாக் கோடு போட்டது என்றேன். "அதுல காலர் கிழிஞ்சிருக்கும். அத போட்டுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்று உள்ளே போய்விட்டாள். அடுத்த வியாழன் இரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அவன் வரவில்லை. அந்த வாரம் யாரும் அவன் வரியைத் தொடவில்லை, இயந்திரத்துக்கு அவனைக் கூப்பிட முகாந்திரமில்லை. நாலு மணிவரை இருந்துவிட்டு அவள் எழுந்து போனாள், போகிறவள் முதுகைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை. ஷாகிரா உடனே ரெப்போவைத் திறந்து எண்ணினாள். அவன் பெயரில் இன்னும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் ஒரு தடவை வருவான், தொட்ட வரி தொட்டவர் பெயருக்குப் போய்விடும், அதை வைத்து மறுபடி கூப்பிட முடியாது. வந்த இடத்தில் அவனையே புதுசாக எழுதச் சொல்லலாமே என்றால், பின்னால் சொல்லியும் பார்த்தோம், பதில் எழுதுகிற பெட்டியைத் தவிர வேறெங்கும் அவன் அடித்தால் எழுத்து விழவில்லை. ஆக, வாரம் ஒரு வரி. ஷாகிரா கணக்குப் போட்டு, கோகிலவாணிக்கு போன் செய்து, "அக்கா, இருபத்தஞ்சு வருஷத்துக்கு வரும்" என்றாள்.

கோகிலவாணி மறுமுனையில் தன் வயதைக் கூட்டிப் பார்த்தாள். "எனக்கு அறுபத்தஞ்சு ஆயிருமே. சரி, போதும் விடு. அதுக்கு மேல நானே போய்ப் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் எங்களில் ஒருவர் முறைவைத்துக்கொண்டு குழந்தைவேலுவின் வரி ஒன்றின் கடைசியில் ஒரு வெற்று இடைவெளியை மட்டும் தட்டிவைத்தோம், இயந்திரத்துக்கு அதுவும் மாற்றம்தான். காரணம் கேட்கிற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதினோம். வியாழன் மூன்றுக்கு அவன் வந்தான், அவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள், இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. செத்தவன் வந்தான் என்பதை நம்பிவிடுகிறார்கள், இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவன் சாவதற்கு நாலு நாளைக்கு முன்னால் அவர்களுக்குள் சண்டை. குக்கருக்கு கேஸ்கட் வாங்கிவரச் சொல்லி ஒரு மாதம் ஆகியும் அவன் வாங்கவில்லை என்பதில் ஆரம்பித்து, அவள் அண்ணன் கல்யாணத்தில் அவன் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனது வரைக்கும் போய், பேச்சு நின்றுவிட்டது. நாலாம் நாள் அவன் போய்விட்டான். யார் முதலில் பேசுவது என்பது தீராமலே நின்றது. இப்போது மறுபடி எதிரெதிரே உட்கார்ந்தபோது இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள், நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

"பூபதியண்ணா, வீட்டுப் பத்திரம் எந்தப் பீரோவுலன்னு கேட்டுச் சொல்லுங்க."

"பூபதி, மேல் தட்டுல, என்ற கல்யாண வேட்டிக்கு அடியிலன்னு சொல்லு."

"அந்த வேட்டிய நான் அன்னைக்கே அவருக்குப் போத்தி அனுப்பிட்டேன்னு சொல்லுங்க."

"அப்ப பத்திரம் வெறும் தட்டுல கெடக்கும்னு சொல்லு. கண்ணு இருந்தாத் தெரியும்."

இப்படியே பதினாறு வாரம். எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒரு நாள் அவளை ஓரமாக அழைத்து, "ஏங்க, நீங்களே ஒரு வார்த்த பேசிட்டா என்னங்க" என்றேன். "அவரு ஆம்பள, அவரு பேசட்டுமே. நானா செத்துப் போனேன்?" என்றாள். அவனிடம் கேட்டால், "மொதல்ல நிறுத்துனது அவ" என்றான். இருபத்தைந்து வருஷம் இருக்கிறது என்ற தைரியம் இரண்டு பேருக்கும். அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட்டவன் நான்.

ஐப்பசியில் என் முறை வந்தது. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது, சிறப்புப் பேருந்துகளுக்கு அட்டவணை போடுகிற அவசரத்தில் நாங்கள் எல்லோரும் கண் பிதுங்கிக் கிடந்தோம். நான் அதற்கு முந்தின வாரம்தான் என் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு வசதியை ஏற்றியிருந்தேன்: ஒரு கோப்பைச் சேமித்ததும், கோணல்மாணலாக இருக்கிற வரிகளையெல்லாம் அதுவே நேராக்கி, இடைவெளி சரிசெய்து, அடுக்கிவைத்துவிடும். குழந்தைவேலு வாழ்நாளில் ஒரு வரியையும் நேராக எழுதியவனில்லை. புதன்கிழமை மத்தியானம் அவன் வரி ஒன்றில் இடைவெளி தட்டினேன், சேமித்தேன், ரெப்போவுக்கு அனுப்பினேன், வடை தின்னப் போனேன். திரும்பி வந்தபோது ஷாகிரா என் திரைக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு வரிகளையும் அந்த வசதி தொட்டுவிட்டிருந்தது. அத்தனையும் என் பெயருக்கு வந்துவிட்டிருந்தன.

"பழையபடி ஆக்கிரலாமில்ல?" என்றேன்.

"பழையபடி ஆக்குனாலும் ஆக்குனவர் பேருக்குத்தாண்ணா போகும். யார் மாத்துனாங்கங்கற குறிப்பை அழிச்சும் எடுக்க முடியாது, சங்கம் அதைத்தானே முதல்ல பூட்டச் சொன்னாங்க." அவள் பட்டியலைக் கீழே உருட்டிக் காட்டினாள். "நாளைக்கு வருவார். எல்லாக் கேள்வியும் ஒண்ணா வரும். பதில் சொல்லி முடிச்சதும் போவார். அதுக்கப்புறம் கூப்பிட ஒரு வரி இல்லண்ணா."

அன்று சாயங்காலம் வெங்கமேடு போகிற வழியில் நாலு தடவை வண்டியை நிறுத்தினேன். கோகிலவாணி வாசலில் நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "எத்தன நாளைக்கு ஓடும்?" என்றாள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் வைத்தால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, ஆறு நாள் விடுப்புக்கு விண்ணப்பம் எழுத என்னிடமே பேனா வாங்கினாள்.

வியாழன் மூன்றுக்கு அவன் வந்தான். விஷயம் கேள்விப்பட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு விரல்களைச் சொடக்கிவிட்டு ஆரம்பித்தான். உயிரோடு இருந்தவரை எந்த வேலையையும் தள்ளிப்போட்டே பழகியவன், இப்போது பார்த்து வேலைக்காரனாகிவிட்டான். நாங்கள்தான் இழுத்தடித்தோம். ஷாகிரா விசைப்பலகையின் பேட்டரியைக் கழற்றி ஒளித்தாள். நான் அரை மணிக்கு ஒரு தடவை டீ வாங்கி வந்து, ஆறவைத்துக் குடி என்று வற்புறுத்தினேன். செங்கோடன் கீழே போய்ச் சொல்ல, இத்தனை மாதம் வியாழக்கிழமை வெல்டிங்கை நிறுத்திவைத்தவர்கள் இப்போது வேண்டுமென்றே நாலு மெஷினை ஒன்றாகப் போட்டு எங்கள் கரண்டைப் போகச் செய்தார்கள். தெய்வசிகாமணி சார் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். தணிக்கை முடிந்தால்தான் தீபாவளி அட்டவணை போகும். போகாவிட்டால் போன வருஷத்து அட்டவணையை ஒட்டி ஓட்டிக்கொள்வார்கள், ஊருக்கு ஒன்றும் குறையாது, சங்கத்தில் அவர் முகம்தான் போகும். அவர் நாற்காலியைக் கொண்டுவந்து குழந்தைவேலு பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, "அடுத்தது, அடுத்தது" என்று ஓட்டினார்.

வெள்ளி போனது, சனி போனது. ஆறரைக்கு சார் மெயினை அணைத்துவிட்டுப் பூட்டுவார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவன் நாற்காலியில் அதே சட்டையோடு இருப்பான். ராத்திரி எப்படிப் போயிற்று என்று நாங்களும் கேட்கவில்லை. அவன் காரணங்களைக் கேட்க ஊரே படியில் உட்கார்ந்துகொண்டது. ஏன் அரவக்குறிச்சி வண்டிக்கு மட்டும் ஒரு நிமிஷம் கூடுதல்? அங்கே கடிகாரம் வேகமாக ஓடுகிறது, யாரும் சரிசெய்வதில்லை. ஏன் புதன்கிழமை மட்டும் சந்தை நிறுத்தத்தில் பின்கதவு முதலில்? ஆட்டோடு ஏறுகிறவர்கள் முன்கதவில் ஏறினால் டிரைவர் கோபித்துக்கொள்கிறார். இத்தனை யோசித்து எழுதியிருக்கிறான் என்று அவன் இருக்கும்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோணலாக எழுதுகிறான் என்று மட்டும் நான் பதினாறு தடவை புகார் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கோகிலவாணி சாரிடம் சாவியை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டர் கிடையாது, கேள்வி கிடையாது, நடுவில் நானும் கிடையாது. என்ன நடந்தது என்பதைக் கீழே வேலையாக இருந்த செங்கோடன்தான் அவ்வப்போது படியேறி எட்டிப் பார்த்துச் சொன்னான். அவள் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை எடுத்துவந்து அவன் எதிரில் உட்கார்ந்து உரித்தாளாம். ஒரு மணி நேரம் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்புறம் கையை நீட்டிப் பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவனும் உரித்தானாம். நாலு மணிவரை இருவரும் உரித்திருக்கிறார்கள், இருவர் கண்ணிலும் தண்ணீர், அதற்கு வெங்காயம் இருக்கவே இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. செங்கோடன் இதைச் சொல்லும்போது, "என்ன பொறப்புங்க இதுக ரெண்டும்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

திங்கள் முழுக்க ஓடியது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நூறு வரி, பன்னிரண்டுக்கு நாற்பது, பன்னிரண்டரைக்குப் பத்து. கோகிலவாணி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டாள். அவள் உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியதை நான் பார்த்தேன். அவனும் ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே அவள் பக்கம் திரும்பப் பார்த்துத் திரும்பாமல் விட்டான். இன்னும் இரண்டு என்றாள் ஷாகிரா. அப்புறம், இன்னும் ஒன்று என்றாள்.

"வரி 2207. வெங்கமேடு நிறுத்தத்தில் காலை 8.05 மினி பஸ், இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்கிறது. ஏன்?"

குழந்தைவேலு படித்தான். "பயணிகள் வசதிக்காக" என்று அடித்தான். அவன் ஐந்து நாளில் இவ்வளவு வழவழவென்று ஒரு பதிலும் எழுதியிருக்கவில்லை.

"எந்தப் பயணி?" என்றது இயந்திரம்.

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பொதுவாக" என்று அடித்தான். "எந்தப் பயணி?" என்றது மறுபடி. "வயதானவர்கள்" என்றான். "வெங்கமேடு, 8.05, ஒன்பது வருஷம். எந்தப் பயணி?"

நான் கோகிலவாணியைப் பார்த்தேன். காலை 8.05 மினி பஸ்ஸில்தான் அவள் வேலைக்குப் போவாள். அவள் கிளம்புகிற அழகை நான் பார்த்திருக்கிறேன்: கேஸை அணைத்தோமா என்று ஒரு தடவை திரும்புவாள், பூட்டை இழுத்துப் பார்க்க ஒரு தடவை திரும்புவாள், குடைக்கு ஒரு தடவை. ஆனாலும் ஒன்பது வருஷமாக ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை என்று செக்கிங் பிரிவில் அவளுக்குப் பெரிய பெயர், நேரம் தவறாத கோகிலவாணி என்று ஆண்டு விழாவில் குத்துவிளக்கு கொடுத்திருக்கிறார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுபட்ட நூலைக் கண்டுபிடிக்கிற கண் அது. இரண்டு நிமிஷத்தைக் கண்டுபிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. காது மடல்வரை அவளுக்குச் சிவந்துபோனது.

"என்னய்யா யோசன" என்றார் தெய்வசிகாமணி சார். மணி ஒன்றாகப் போகிறது, செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு ஆரம்பம், அதற்குள் அட்டவணையை அனுப்பியாக வேண்டும். "பேரத்தான கேக்குது? பேர அடிச்சுட்டுப் போய்ட்டே இரு."

குழந்தைவேலு விசைப்பலகையில் விரலை வைத்தான். ஒரே ஒரு பெயர். அதை அடித்தால் ஏற்கப்பட்டது என்று வரும், நாற்காலி விட்டுவிடும், ஏழாவது படியோடு முடிந்துவிடும். முதல் எழுத்தை அடித்தும்விட்டான், திரையில் 'கோ' என்று நின்றது.

"சொல்லாதீங்க" என்றாள் கோகிலவாணி.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவனைப் பார்த்து, அவன் முகத்துக்கு எதிரில் சொன்னாள். சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போய்விட்டார்.

குழந்தைவேலு 'கோ'வை அழித்தான். திரை மறுபடி எந்தப் பயணி என்று கேட்டுக்கொண்டு நின்றது. அவன் அதை ஒரு கையால் அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியோடு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "நீ சாப்புட்டயா?" என்று கேட்டான்.